பின் விளக்கு ஒயர்

மதியம் மூன்றரை மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பழைய வீட்டின் பக்கச் சந்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கருவிப் பையையும் புது பேட்டரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மெக்கானிக் ‘எர்த்து’ உள்ளே போனார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஒயர் வேலை பார்ப்பவர். ஹாரன் அடிக்கவில்லையா, விளக்கு மினுக்குகிறதா, எதுவானாலும் "எர்த்து சரியில்ல" என்று சொல்லித்தான் வண்டியைத் தொடுவார். பத்துக்கு எட்டு முறை அது சரியாகவும் இருந்து தொலைத்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

வீட்டுக்காரி முப்பத்தைந்து வயது இருப்பாள். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டாள். பழைய பெட்ரோல், துரு, எலி, ஈரச் சாக்கு எல்லாம் கலந்து ஒரு வாடை வந்தது. தார்ப்பாயின் கீழே கறுப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. பின்பக்கம் மட்டும் புதிதாக இருந்தது. மட்கார்டு, விளக்கு, நம்பர் பலகை எல்லாம் மாற்றியிருந்தார்கள்.

அவள் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொழுது சாயும் நேரத்தில், பின்னால் வந்த லாரி அவள் கணவனை இடித்துவிட்டது. வண்டியில் பின் விளக்கே எரியவில்லை என்று லாரிக்காரன் சத்தியம் பண்ணினான். இறந்தவனின் அண்ணன் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும், "விளக்குகூடப் போடாம போய் விழுந்தான், கவனம் கெட்ட பய" என்றார். அன்றோடு அவர் இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. தம்பி பெயரை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவாராம்.

"என் தம்பிக்கு வேலை கிடைச்சிருக்கு, அவன் ஓட்டப்போறான். அதுக்காகத்தான் சரி பண்ணச் சொல்றேன்" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும் அண்ணே. அன்னைக்கு ஒயர் நல்லா இருந்துச்சா? அவர் விளக்குப் போடாம வண்டி எடுக்கவே மாட்டார்" என்றாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்றார் எர்த்து. அவள் உள்ளே போனாள்.

சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். முன் விளக்கைப் பிரித்தார். உள்ளே ஒயர்கள் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி கிடந்தன. ஒவ்வொரு இணைப்பையும் பிடுங்கி, பச்சை பூத்த செம்பு முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துத் திரும்பச் சொருகினார். வழக்கமாக இந்த வேலையில் அவருக்கு வாய் சும்மா இருக்காது, எதையாவது முணுமுணுத்துக்கொண்டே செய்வார். இன்று குரல் எழும்பவில்லை. இரண்டு முறை திரும்பி வாசலைப் பார்த்தார். மூன்றாவது முறை, எதற்குப் பார்க்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

டிக்.

வண்டியின் பின் ஸ்பிரிங்தான். யாராவது ஏறி உட்கார்ந்தால் அப்படிச் சத்தம் வரும். பழைய வண்டி, குளிரில் இரும்பு சுருங்கும் என்று சொல்லிக்கொண்டு சீட்டுக்குக் கீழே போகும் ஒயர்களைக் கையில் எடுத்தார்.

பின் விளக்குக்குப் போகும் ஒயரில் ஓர் ஒட்டு இருந்தது. கறுப்பு டேப் சுற்றி, டேப் உரியாமலிருக்க முனையில் வெள்ளை நூல் கட்டியிருந்தது. மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.

எர்த்து அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார்.

டேப் முனையில் நூல் கட்டும் ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவர் இந்தக் கொட்டகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

மெல்ல டேப்பைப் பிரித்தார். உள்ளே ஈயம் இல்லை. வெறும் முறுக்கு, அதுவும் விலகிக் கிடந்தது. இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இந்த வண்டி அவரிடம் வந்த அன்று மின்சாரம் போயிருந்தது, ஈயம் வைக்கும் கம்பி சூடாகவில்லை. வந்தவனுக்கு அவசரம். "இது நிக்குமா அண்ணே?" என்று கேட்டதற்கு, நிக்கும் நிக்கும் என்று முதுகில் தட்டி அனுப்பினார். முகம் நினைவுக்கு வரவில்லை. தட்டிய கைக்கு அந்தச் சட்டையின் வேர்வை ஈரம் மட்டும் நினைவிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்த மனிதர். அந்த ஒட்டை வெட்டி, நூலும் டேப்புமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் துண்டு ஒயர் வைத்து, இந்த முறை ஈயம் உருக்கி, பளிச்சென்று ஒட்டினார். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டார்.

அவள் தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நின்றாள். ஒயரைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"ஒயரெல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. ஒரு பழுதும் இல்ல" என்றார் எர்த்து, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்போ அவர்தான் போடலையா?"

அவர் குனிந்து கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். இரண்டு வருஷமாக ஊரோடு மல்லுக்கு நின்றவள், செம்பைத் தரையில் வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது கொட்டகைச் சுவர் சிவந்தது.

பின் விளக்கு எரிந்தது. சும்மா எரிவது போல இல்லை, பிரேக் மிதித்தால் வருமே, அந்த முழுச் சிவப்பு.

வழக்கம்போல "எர்த்து சரியில்ல" என்று சொல்ல வாய் திறந்தார். பிறகு கீழே பார்த்தார்.

பேட்டரி அவர் காலடியில், பெட்டியிலேயே இருந்தது. மேல் அட்டைகூடப் பிரிக்கவில்லை.

குனிந்து பார்த்தார். பிரேக் பெடல் அடிவரை இறங்கியிருந்தது. துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கும் என்று விரலைக் கீழே கொடுத்து நெம்பினார். கொஞ்சம் மேலே வந்தது.

பிறகு பெடல் விரலைக் கீழே தள்ளியது.

இரும்பு மாட்டிக்கொண்டால் அப்படித் தள்ளாது. மேலே ஒரு கால் இருந்தால்தான் தள்ளும். அவர் விரலை உருவிக்கொண்டு பின்னால் சரிந்து உட்கார்ந்தார். பெட்ரோல் வாடை போய், புதுசாய் நனைந்த மண்ணின் வாடையும், வேர்வை வாடையும் வந்தன.

"அண்ணே" என்றாள் அவள், காற்றை விடக் கம்மியான குரலில். "பேட்டரி மாட்டிட்டீங்களா?"

"இல்லம்மா."

சிவப்பு அசையவில்லை. யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள்.

எர்த்து சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். "இது நான் போட்ட ஒட்டும்மா. ஈயம் வைக்கல. சும்மா முறுக்கிவிட்டு அனுப்பிட்டேன். அவர் விளக்குப் போட்டிருப்பார். என்னாலதான் எரியல."

பெடல் மெல்ல மேலே வந்தது. விளக்கு அணைந்தது. பின் ஸ்பிரிங் இரண்டும் முனகிக்கொண்டு உயர்ந்தன, கனமான ஆள் ஒருவன் இறங்கிக்கொண்டது போல.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார். கடைசியில் அவள் வண்டியைப் பார்த்தபடியே, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்கு அவரைத் தெரியும். அவர் அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நாலு முக்கு ரோட்டுக்கு வலது பக்கம் ஹார்டுவேர் கடை வெச்சிருக்கார்" என்றாள்.

போகிறேன் என்று தலையாட்டிவிட்டு, பையைக்கூடச் சரியாக மூடாமல் வெளியே வந்தார். மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் எங்கே போவது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், அந்த ஆளுக்கு முன்கோபம் வேறு என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஸ்கூட்டரைக் கிளப்பினார். பின்பக்கம் அமுங்கியது.

திரும்பாமல் ஓட்டினார். வண்டி இரண்டு பேர் பாரத்தோடு இழுத்தது. திருப்பங்களில் அவர் சாயாத பக்கம் அது சாய்ந்தது. பின் கழுத்தில் படும் மழைத்துளி மட்டும் நின்றுபோயிருந்தது. அங்கே மறைப்பாக ஏதோ இருந்தது.

நாலு முக்கு ரோடு வந்தது. இடது பக்கம் அவர் வீடு. அவர் இடது பக்கம் திருப்பினார்.

பிரேக் பிடித்தது.

அவர் பிடிக்கவில்லை. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன, ஒரு விரல்கூட லீவரைத் தொடவில்லை. சக்கரம் இறுகி, வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பேருந்து ஹாரனில் கத்தியது.

"சரிப்பா" என்றார் எர்த்து. உதடு மட்டும் அசைந்தது. "போறேன். போறேன்."

கைப்பிடியை வலது பக்கம் திருப்பினார். சக்கரம் விட்டுக்கொடுத்தது.

ஹார்டுவேர் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அதே அகலமான தோள். அன்று அவர் முதுகில் தட்டி அனுப்பிய ஆளுக்கும் இந்தத் தோள்தான் இருந்தது. எர்த்து நனைந்தபடி படியேறி, அந்தத் துண்டு ஒயரை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பெரியவர் ஒயரைப் பார்க்கவில்லை. எர்த்துவையும் பார்க்கவில்லை. அவர் பார்வை எர்த்துவின் தோளைத் தாண்டி, வாசல் படியில் போய் நின்றது. கையிலிருந்த ஆணிகள் தராசில் சிதறின. இரண்டு வருஷமாகச் சொல்லாத ஒரு பெயரைச் சொல்ல முயன்று, முடியாமல், முகம் கோணிக்கொண்டது.

"ஏன்டா அங்கயே நிக்கிற?" என்றார், குரல் உடைந்து. "நனையுறியே. உள்ள வா."

எர்த்து திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், படியில், ஈரக் கால் ஒன்று ஏறியது.