மூன்று வாடிக்கையாளர்களைக் கொன்றது யார்?

காலை மணி பத்து. மூன்றாவது வாடிக்கையாளரும் போய்ச் சேர்ந்தார்.

பதற வேண்டாம். மெத்தைக் கடை முதலாளி தன் கடையில் குத்துக்கல்லாட்டம்தான் இருந்தார். கிடைக்கவிருந்தவர், நம் ஆளுக்குத்தான் இல்லாமல் போனார்.

நம் ஆள் விளம்பர வாசகம் எழுதுபவர். இருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே சொந்தமாக எழுதக் கிளம்பியவர். முதல் வாடிக்கையாளர் கிடைக்கும்வரை சவரம் செய்வதில்லை என்று சபதம் வேறு. தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. இந்த வாரமும் யாரும் சிக்காவிட்டால், திங்கட்கிழமை முதல் மாமனாரின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்க வேண்டும்.

அக்கா வந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர். விருந்துக்கு வந்தாலும் விசாரணைதான் நடத்துவார்.

“மெத்தைக்காரர் என்ன சொன்னார்? அப்படியே சொல்லு.”

“நேர்ல போய்க் கேட்டா, ‘உங்களை மாதிரி பெரிய ஆளுங்க நமக்குத் தோதுப்படாது சார்’னு நக்கல் பண்றார்க்கா. பேக்கரிக்காரரும் இதேதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் இதேதான்.”

“மூணு பேரும் ஒரே நக்கலா? வேலை கேட்டு அவங்களுக்கு எழுதினப்போ எந்த நம்பர் குடுத்த?”

“ஹால்ல இருக்கற போன் நம்பர். செல் நம்பர் குடுத்தா ஒத்தை ஆளுன்னு தெரிஞ்சுடும். இதுன்னா ஆபீஸ் மாதிரி இருக்கும்ல?”

“மணி அடிச்சா உனக்குக் கேக்குமா?”

“எழுதும்போது கதவைச் சாத்திட்டு காதுல பஞ்சு வெச்சுப்பேன். மதியம்தான் பஞ்சை எடுப்பேன்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து, தம்பி மனைவியைப் பார்த்தார்.

“நீ எடுத்தியா?”

“நான் விடிஞ்சதும் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிடுவேன் அண்ணி. இன்னிக்குத்தான் லீவு. இவர் கடைக்கு வந்தா எங்கப்பாவுக்கு சந்தோஷம்தான். ஆணிங்கதான் பாவம்.”

ஹால் மூலையில், வழவழவென்ற முகத்தைச் செய்தித்தாளுக்குள் புதைத்துக்கொண்டு நம் ஆளின் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“போனா? அது அடிச்சே ரொம்ப நாளாச்சும்மா.”

அக்கா ரிஸீவரை எடுத்தார். பேசும் பக்கத்து ஓட்டைகளில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

“எல்லாரும் ஹாலுக்கு வாங்க.”

எல்லாரும் ஹாலில்தான் இருந்தார்கள். ஆனாலும் அந்த வரியைச் சொல்லாவிட்டால் அவருக்குத் துப்பறிந்த மாதிரி இருக்காது.

“இது சவர நுரை. இந்த வீட்ல ஆம்பளைங்க ரெண்டே பேர். ஒருத்தன் முகத்துல நுரை பட்டு மாசக்கணக்காச்சு. அப்பா, பேப்பரைக் கீழ வைங்க.”

பேப்பர் மெல்ல இறங்கியது.

“தெருவுல பாக்கறவன்லாம், ‘பையன் வீட்ல சும்மாதான் இருக்கானா’ன்னு கேக்கறான். எனக்கு வயிறு எரியுது. அதான், ஷேவ் பண்ணும்போது யார் கூப்பிட்டாலும், ‘அவருக்கு மூச்சுவிட நேரமில்ல, ஆறு மாசம் கழிச்சுப் பேசுங்க’ன்னேன். காத்திருப்பாங்கன்னு நெனச்சேன்மா.”

மகனுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கண்தான் கலங்கியது.

“நீ பக்கம் பக்கமா எழுதினதை ஒருத்தனும் நம்பலை,” என்றார் அக்கா. “அப்பா ஒரே வரியில மூணு பேரையும் நம்ப வெச்சிருக்கார்.”

போன் அடித்தது. மகன் அப்பாவைப் போன் பக்கம் தள்ளினார்.

“நீங்களே எடுங்கப்பா. கொஞ்சமா நேரம் இருக்குன்னு மட்டும் மாத்திச் சொல்லுங்க.”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெயிண்ட் கடையா? அவருக்கு நேரமே இல்லீங்களே... சரி, இவ்வளவு தூரம் கேக்கறீங்க. எல்லா விளம்பரமும் எங்களுக்கேன்னா, நாளைக்கு அவரையே அனுப்பறேன்... அப்படியா? சந்தோஷம்.”

ரிஸீவரைக் கையால் பொத்திக்கொண்டு மகனை மேலும் கீழும் பார்த்தார்.

“போய் ஷேவ் பண்ணிக்கடா. ரேஸர் கண்ணாடிகிட்டயே இருக்கு.”