பட்டாணியின் அம்மா தூங்குமூஞ்சி இல்லை

பட்டாணி சொன்ன பொய் ரொம்பச் சின்னது. இரண்டே வரி. ஆனால் அதை ஆறாம் வகுப்பில், நாற்பத்திரண்டு பேர் முன்னால் சொன்னாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"இந்த வாரத்துல மூணாவது தடவை லேட். என்ன காரணம்?" என்று வகுப்பு டீச்சர் கேட்டார்.

"எங்கம்மா தூங்கிட்டாங்க டீச்சர். அவங்க தினமும் ஏழரை மணிக்குத்தான் எழுந்திருப்பாங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மைக் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன் பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டுக் காட்டினான். பட்டாணியும் சேர்ந்து சிரித்தாள். பொய்யைவிட அந்தச் சிரிப்புதான் பிறகு அவளை ரொம்ப உறுத்தியது.

உண்மை என்ன தெரியுமா? அம்மா ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். வெந்நீர் வைப்பார். துண்டை அதில் நனைத்துப் பிழிந்து பட்டாணியின் முழங்கால்களில் சுற்றுவார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டி விடுவார். அதன் பிறகுதான் இஸ்திரி கடைக்குக் கிளம்புவார். அங்கே இரவு எட்டு வரை நின்றுகொண்டே வேலை. அப்பா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டிலேயே இருக்கமாட்டார்.

பட்டாணிக்கு மூட்டுவாதம். எட்டு வயதில் வந்தது.

"அது கிழவிங்களுக்கு வர்றதுதானே டாக்டர்?" என்று அப்போதே கேட்டாள்.

"மூட்டு இருக்கற யாருக்கும் வரும்" என்றார் டாக்டர்.

அந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம். காலையில்தான் ஆட்டம் காட்டும். எழுந்ததும் மூட்டுக்குள் யாரோ பசை ஊற்றிக் காயவைத்தது போல இருக்கும். சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். ஒன்பது மணிக்கு மேல் பட்டாணியைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். மாலையில் டேபிள் டென்னிஸ் மேசைக்கு முன்னால் அவள் துள்ளுகிற துள்ளலில் உருண்டு போகிற பட்டாணி மாதிரியே இருப்பாள். பெயர் வந்ததே அப்படித்தான்.

பள்ளிக்கூட மணி எட்டுக்கு. அந்த நேரத்தில் போனால் நொண்டிக்கொண்டுதான் போகவேண்டும். அதனால் நடை நேராகும் வரை வீட்டிலேயே காத்திருந்துவிட்டு, நிமிர்ந்து நடந்து தாமதமாகப் போவாள். நொண்டினால் 'பாட்டி' என்று பெயர் வைப்பார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பி.டி. சாருக்குத் தெரிந்தால் அணியிலிருந்து எடுத்துவிடுவார். போன வருடம் மூச்சிரைப்பு இருந்த ஒரு பையனை அப்படித்தான் ஓட்டப்பந்தயத்திலிருந்து எடுத்தார். போட்டிக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது.

பொய் சொன்ன மறுநாள் டீச்சர் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

அம்மா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். ஆசிரியர் அறையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அம்மாவின் முழங்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார். பட்டாணி பக்கத்தில் நின்றாள்.

"ஏம்மா, ஒரு பிள்ளையை நேரத்துக்கு அனுப்ப முடியாதா உங்களால? ஏழரை மணி வரைக்கும் தூங்கறீங்களாமே. உங்க பொண்ணே சொல்றா" என்றார் டீச்சர்.

அம்மா திரும்பிப் பட்டாணியைப் பார்த்தார். ஒரே ஒரு நொடி.

பட்டாணி தன் செருப்பைப் பார்த்தாள். தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. தரையோ நல்ல கெட்டியான சிமென்ட் தரை.

"இனிமே சீக்கிரம் எழுந்திருக்கறேன் டீச்சர்" என்றார் அம்மா.

வாசல் வரை கூடவே போனாள் பட்டாணி. அம்மா திட்டுவார், முதுகில் ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்தாள். வைத்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தாள்.

"ஏம்மா நீ உண்மையைச் சொல்லலை?"

"நீ சொல்லாம வச்சிருக்க. நான் போய் எப்படிச் சொல்றது? அது உன் காலு, உன் வலி" என்றார் அம்மா. "சரி, உள்ள போ. கடையில சட்டை மலை மாதிரி கிடக்கு."

அவ்வளவுதான். கோபமே இல்லை. பட்டாணிக்கு முகமெல்லாம் எரிந்தது.

அன்று மாலை பயிற்சியில் பட்டாணி அடித்த பந்தெல்லாம் வலையிலேயே விழுந்தது. அணியில் அவளோடு ஆடும் பெண்ணை எல்லாரும் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். அவள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"உங்கம்மா இப்பவாவது எழுந்தாங்களா, இல்ல இன்னும் தூங்கறாங்களா?"

"எங்கம்மாவைப் பத்திப் பேசாதே."

"அடேங்கப்பா, நான் என்ன புதுசாவா சொல்றேன்? நீ சொன்னதைத்தானேடி சொல்றேன்."

பட்டாணி குனிந்து பந்தைப் பொறுக்கினாள். உண்மைதானே.

வீட்டுக்கு நடக்கும்போது யோசித்தாள். டீச்சரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா? டீச்சருக்கு மட்டும் தெரிந்தால் போதுமே. பி.டி. சார் காதுக்குப் போகாது. அணியில் இருந்துகொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் பொய்யை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் காதோடு சொன்னால்? மைக் தினமும் குறட்டை விட்டுக்கொண்டே இருப்பான். வகுப்பில் அம்மா தூங்குமூஞ்சியாகவே இருப்பார்.

மறுநாள் காலை ஏழரைக்கே பையை மாட்டிக்கொண்டாள். முழங்கால் இன்னும் மடங்கவில்லை.

"எங்க கிளம்பிட்ட? இன்னும் இளகவே இல்லையேடி" என்றார் அம்மா.

"பரவாயில்ல. இப்படியே போறேன்."

"எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

அம்மா பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். பத்து நிமிட வழி அரை மணி நேரம் ஆனது. அம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். மைதானத்தில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். பட்டாணி இரண்டு காலையும் கட்டை போல எடுத்து வைத்து, நண்டு மாதிரி பக்கவாட்டில் அசைந்து அசைந்து அந்த மைதானத்தைக் கடந்தாள். அவ்வளவு நீளமான மைதானத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"ஐயோ, யாரோட பாட்டி இது?" என்றான் மைக். அந்தக் குரல் எங்கேயும் கேட்கும்.

வகுப்பில் டீச்சர் பதறிப்போனார். "என்ன ஆச்சு? எங்க விழுந்த?"

பட்டாணி டீச்சரைப் பார்க்கவில்லை. வகுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"விழலை டீச்சர். எனக்கு மூட்டுவாதம். தினமும் காலையில இப்படித்தான் இருப்பேன். நொண்டறதை யாரும் பார்க்கக் கூடாதுன்னுதான் லேட்டா வந்தேன்." மூச்சு வாங்கியது. "எங்கம்மா அஞ்சு மணிக்கு எழுந்திருக்கறாங்க. எனக்கு ஒத்தடம் குடுக்கத்தான். நான் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. மைக் எதற்கோ குனிந்து பைக்குள் தேடினான். ரொம்ப நேரம் தேடினான்.

டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா வந்திருக்காங்களா?"

"வாசல்ல நிக்கறாங்க."

டீச்சர் சாக்பீஸைக் கூடக் கீழே வைக்காமல் வெளியே போனார். ஜன்னல் வழியே எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பேசியது எதுவும் காதில் விழவில்லை. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். அம்மா ஐயோ வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார். பட்டாணி அதற்கு மேல் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். அவள் இன்னும் அம்மாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

மாலையில் பி.டி. சாரிடம் அவளே போய் மட்டையை நீட்டினாள்.

"இதை யாரு கேட்டா?" என்றார் சார்.

"நீங்க எப்படியும் கேட்பீங்க சார்."

சார் தாடையைச் சொறிந்தார். "எனக்கு பயமா இருக்கும்மா. ஏதாவது ஆச்சுன்னா என் தலையிலதான் விடியும். டாக்டர் விளையாடவே கூடாதுன்னு சொல்லியிருப்பாரே?"

"விளையாடச் சொன்னார் சார். சும்மா உட்கார்ந்திருந்தா இன்னும் இறுகிடுமாம். வீக்கம் இருக்கற அன்னிக்கு மட்டும் வேண்டாம்னார்."

"எழுதிக் குடுப்பாரா?"

"குடுப்பார்."

"அதெல்லாம் சரி. போட்டி காலையில எட்டரைக்கு. அப்ப என்ன பண்ணுவ?"

பட்டாணி அதையும் யோசித்து வைத்திருந்தாள். "எட்டரைக்கு நான் எதுக்கும் உதவமாட்டேன் சார். மூணு ஆட்டம் இருக்குல்ல? முதல் ஆட்டம் கண்ணாடி ஆடட்டும். கடைசி ஆட்டம் எனக்குக் குடுங்க. அதுக்குள்ள நான் நடந்து நடந்து இளக்கிக்கறேன்."

கண்ணாடி பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "முதல் ஆட்டம்தான் சார் எனக்கும் வேணும். காத்திருக்கறது எனக்கு ஆகவே ஆகாது."

மட்டை பட்டாணியின் கைக்கே திரும்பி வந்தது.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே இஸ்திரி கடைக்குப் போனாள். அம்மா ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் சிரிச்சேன். வகுப்புல எல்லாரும் உன்னைச் சொல்லிச் சிரிச்சப்ப நானும் சிரிச்சேன்."

இஸ்திரிப் பெட்டி ஒரு நிமிடம் நின்றது.

"மன்னிச்சுக்கோம்மா."

"ம்" என்றார் அம்மா. சட்டையை மடித்து வைத்தார். பிறகு, "அந்த ஓரத்தைப் பிடி" என்றார். இருவரும் ஒரு போர்வையை நான்காக மடித்தார்கள்.

போட்டி நாளன்று அம்மா கடையைத் திறக்கவில்லை. காலையில் அவளோடு அரங்குக்கே வந்துவிட்டார். கண்ணாடி முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள். இரண்டாவது ஆட்டத்தில் அணியின் இன்னொரு பெண் தோற்றாள். அதுவரை பட்டாணி சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தாள். முழங்கால் இளகியது. விரல்கள் மட்டையைச் சுற்றி மடங்கின.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் இடது மூலைக்கு ஒரு பாய்ச்சல் பாய்ந்து பந்தை எடுத்தாள். அங்கிருந்து வலது மூலைக்கு ஒரு தாவல். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அப்போதுதான் பட்டாணிக்கு உறைத்தது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் காலை நேரத்துப் பட்டாணிதான். துள்ளுகிற நேரத்தில் அம்மா எப்போதும் கடையில் நின்றுகொண்டிருப்பார். அவள் ஓடி அம்மா பார்த்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. ஆட்ட விதி ஒன்றும் தெரியாது. பட்டாணி பாயின்ட் எடுத்தாலும் கைதட்டினார், விட்டாலும் கைதட்டினார். எதிர் அணிப் பெண் அழகாக ஒன்று அடித்தபோது அதற்கும் தட்டினார்.

எதிர் அணிப் பெண் பந்தைப் பொறுக்கிக்கொண்டே, "யாரது, தப்புத் தப்பாக் கை தட்டறது?" என்று கேட்டாள்.

அரங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எங்கம்மா" என்றாள் பட்டாணி, எல்லாருக்கும் கேட்கும்படியாக. "நீ பந்தைப் போடு."