கரையைப் பாத்து நின்ன படகு

காத்து ஏரிக்குள்ள இருந்து கரைக்கு வீசிக்கிட்டிருந்துச்சு. மூக்குல கயிறு போட்டுக் கட்டியிருந்த படகு எல்லாம் காத்தைப் பாத்து வரிசையா நின்னு, தூங்கி வழியிற மாதிரி ஆடிக்கிட்டு இருந்துச்சு. கடைசியில கிடந்த வெள்ளைப் படகு மட்டும் காத்துக்கு முதுகைக் காட்டிட்டு, மூக்கைக் கரைப் பக்கம் நீட்டி, ஆடாம அசையாம நின்னுச்சு. கயிறு எங்கயாவது முறுக்கியிருக்கும்னு வெல்டர் நெனச்சான். படகை வேற கோணத்துல பாக்கலாம்னு கரையோரமா பத்தடி தள்ளிப் போனான். திரும்பிப் பாத்தா படகோட மூக்கும் மெதுவா நகர்ந்து அவன் பக்கமே வந்து நின்னுருந்துச்சு.

"என்ன மாப்ள, பள்ளிக்கூடத்துல மொத நாள் விட்ட பிள்ளை மாதிரி முழிக்கிற?" மச்சான் பின்னாடி இருந்து முதுகுல ஒரு தட்டு தட்டினாரு. "போய்த் தொட்டுப் பாரு. கடிக்காது."

மச்சான் அவன் பொண்டாட்டிக்கு அண்ணன். பஸ் டிரைவர். தொப்பைக்கு மேல பெல்ட் போட்ட ஆளு. விலை பேசுறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாதுன்னுதான் வெல்டர் கையோட கூட்டிட்டு வந்திருந்தான்.

வெல்டரோட பட்டறை இந்தக் கரையில. வீடு அந்தக் கரையில. ஏரியைச் சுத்திப் போனா ரெண்டு பஸ், மூணு மணி நேரம். அதனால வாரம் முழுக்கப் பட்டறைக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில படுத்துட்டு, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவான். போன வாரம் அவன் சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டும்போது, நாலு வயசு மக அம்மா காதுல ரகசியம் மாதிரி கேட்டுச்சு: "இந்த மாமா எப்பம்மா போவாரு?" பொண்டாட்டி சிரிச்சுட்டா. அவனும் சிரிச்சான். அன்னைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கமே வரல. படகு இருந்தா இருபத்தஞ்சே நிமிஷம். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுல இருக்கலாம். அவன் கையில இருந்த காசுக்கு ஊர் முழுக்கத் தேடியும் எஞ்சினோட கிடைச்சது இந்த ஒண்ணுதான்.

ரெண்டு பேரும் படகுல ஏறிப் பாத்தாங்க. பழைய பெட்ரோல் வாடை, ஈரக் கயிறு வாடை, அதுக்கு அடியில வேற ஏதோ ஒண்ணு, நாக்குல துருவை வச்ச மாதிரி. வெல்டர் விரலை மடக்கித் தரையைத் தட்டிப் பாத்தான். கெட்டி. வெளிப்பக்கம் கையை விட்டுத் தடவினான். இடது பக்கம் மட்டும் பெயின்ட் புதுசு. பதினஞ்சு வருஷமா தகடு தடவின விரல் பொய் சொல்லாது. பெயின்ட்டுக்கு அடியில கீறல் இருந்துச்சு. மேல இருந்து கீழ. நாலு நாலா.

"வண்டியில ஏத்தி இறக்கும்போது உரசியிருக்கும்"னு மச்சான் சொன்னாரு.

எஞ்சின் பக்கத்துல சிவப்பு கிளிப்பு ஒண்ணு இருந்துச்சு. அதுல ஒரு கயிறு இருக்கணும், அந்தக் கயிறை ஓட்டுறவன் மணிக்கட்டுல மாட்டிக்கணும். அவன் தவறித் தண்ணியில விழுந்தா கயிறு கிளிப்பைப் பிடுங்கும், எஞ்சின் அந்த நிமிஷமே நிக்கும். இதுல கயிறைக் காணோம். கிளிப்பைப் பிடுங்க முடியாதபடி சுத்தியும் பசையை ஊத்திக் கல்லு மாதிரி ஆக்கியிருந்தாங்க.

படகை விக்கிற அம்மா கரையோரமா இருந்த அவங்க வீட்டு மேல் படியிலயே நின்னாங்க. தண்ணிப் பக்கம் ஒரு படி கூட இறங்கல.

"ஏன்க்கா இதை ஒட்டி வச்சிருக்கீங்க?"

"நாங்க ஒட்டல. வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"உங்க வீட்டுக்காரர் இதை மாத்தலையா?"

"மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் தவறி விழுந்துட்டாரு. இது அவரையே சுத்திச் சுத்தி வந்துச்சு." அந்தம்மா வெல்டரைப் பாக்கல, படகையும் பாக்கல. "நான் இங்க நின்னுதான் பாத்தேன்."

வெல்டர் கிளிப்புல இருந்து கையை எடுத்துட்டான். மச்சான் தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"வருத்தமாத்தான் இருக்குக்கா. ஆனா ஆளைக் காவு வாங்கின படகுன்னு தெரிஞ்சா வேற எவன் வாங்குவான், சொல்லுங்க? பாதி விலைன்னா நாங்க எடுத்துக்குறோம்."

"மச்சான்..." வெல்டர் அவரு சட்டையைப் பிடிச்சு இழுத்தான்.

"பாதியே குடுங்க. இன்னைக்கே கொண்டு போயிருங்க"ன்னாங்க அந்தம்மா. காசை எண்ணக் கூட இல்ல. உள்ள போனாங்க. தாழ்ப்பாள் போடுற சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு.

கரைக் கடையில புது கிளிப்பு கயிறோட தொங்கிக்கிட்டிருந்துச்சு. வெல்டர் அதைக் கையில எடுத்தான். "அட, மொதல்ல வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேருவோம். பசையைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆகும். அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னாரு மச்சான். அதுவும் சரின்னு பட்டுச்சு. மிதவைச் சட்டை மட்டும் ரெண்டு வாங்கினான். மச்சான் மாட்டேன்னு மொரண்டு பிடிச்சாரு. வெல்டர்தான் வம்படியா மாட்டி விட்டு, தொப்பையை அமுக்கி, மூணு வாரையும் இறுக்கினான்.

பொண்டாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, சாயங்காலம் நாலரை மணிக்குக் கிளம்பினாங்க. ஒரே இழுப்புல எஞ்சின் பத்திக்கிச்சு. வெயில் இறங்கி, தண்ணிக்கு மேல பால் ஆடை மாதிரி பனி படிய ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டு கரையும் கண்ணுல இருந்து மறைஞ்சு போன இடத்துல எஞ்சின் சத்தம் மட்டும் நாலா பக்கமும் மோதி, பின்னாடி இன்னொரு படகு வர்ற மாதிரியே கேட்டுச்சு. ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்துச்சு. கொஞ்சம்தான். தூங்குற பிள்ளை கையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி.

"இழுக்குது மச்சான்."

"என் பஸ் இதைவிட இழுக்கும். இரு, பின்னாடி ஏதாவது சிக்கியிருக்கான்னு பாக்குறேன்."

மச்சான் எந்திரிச்சுப் பின்னாடி போயி எஞ்சின் மேல குனிஞ்சாரு.

படகு இடது பக்கம் வெட்டிச்சு. வெல்டர் திருப்பல. சத்தியமா அவன் திருப்பல.

மச்சான் தொபுக்கடீர்னு விழுந்தாரு. மிதவைச் சட்டை அவரை உடனே மேல தூக்கி விட்டுருச்சு. வாயில போன தண்ணியைத் துப்பிட்டுச் சிரிச்சாரு. "குளிச்சு நாலு நாளாச்சுன்னு என் பொண்டாட்டி சொன்னாளா மாப்ள? வா, வந்து தூக்கு."

வெல்டரும் சிரிச்சுக்கிட்டேதான் வேகத்தைக் குறைச்சான். லீவர் முழுசா கீழ வந்துருச்சு. எஞ்சின் சத்தம் குறையல. கூடுச்சு. படகு வட்டம் போட்டு மச்சான் பக்கம் திரும்புச்சு. ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழு பலத்தோட திருகினான். சக்கரம் சுத்துச்சு. படகு கேக்கல.

"மெதுவாடா. டேய், மெதுவா."

கிளிப்பைப் பிடுங்கினான். நகம் பிஞ்சுது. கிளிப்பு வரல.

"முங்குங்க மச்சான். உள்ள முங்குங்க."

மச்சான் முங்கப் பாத்தாரு. தலை உள்ள போச்சு. சட்டை அவரை மேல கொண்டு வந்துச்சு. மறுபடி முங்கினாரு. மறுபடி மேல வந்தாரு. கை மூணு வாரையும் தேடுச்சு. இறுக்கமா இருந்துச்சு.

படகு ஏறுச்சு.

காலுக்கு அடியில ஒரு முட்டு. அப்புறம் பின்னாடி எஞ்சினுக்குத் தொண்டை அடைச்ச மாதிரி ஒரு சத்தம். தண்ணி சிவப்பா தெறிச்சு வெல்டர் முகத்துல விழுந்துச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு.

மச்சான் மறுபடி மேல வந்தாரு. உயிரோட. ஒரு தோள் இருக்க வேண்டிய இடத்துல இல்ல. சத்தம் போடல. வெல்டரையே பாத்தாரு, நீயாடான்னு கேக்குற மாதிரி.

படகு இடது பக்கம் திரும்புச்சு.

வெல்டர் பெட்ரோல் குழாயை இழுத்து அத்தான். எஞ்சின் ஓடுச்சு. நங்கூரத்தைத் தூக்கி எஞ்சின் மூடி மேல அடிச்சான். அடிச்சான். மூடி உடைஞ்சு பறந்துச்சு. பிளக் ஒயரை ரெண்டு கையாலயும் பிடுங்கி எறிஞ்சான். பெட்ரோல் இல்ல. பொறி இல்ல. ஓடுச்சு.

குதிச்சு மச்சானைப் பிடிச்சுக்கலாம். குதிச்சா சாகுறது ரெண்டு பேரு. கால் வரல.

இந்தத் தடவை மச்சான் படகோட இடது பக்கத்தைப் பிடிச்சுட்டாரு. மிச்சமிருந்த ஒரு கையால. வெல்டர் பாய்ஞ்சு அந்த மணிக்கட்டைப் பிடிச்சான். "விட்றாத மாப்ள"ன்னாரு. அவ்வளவு அமைதியா. படகு ஒரு உலுக்கு உலுக்குச்சு. நாலு விரலும் புதுப் பெயின்ட்டைக் கீறிக்கிட்டே கீழ போச்சு.

முட்டு. அடைப்பு. தெறிப்பு.

எத்தனை சுத்துன்னு தெரியல. கடைசியில மிதவைச் சட்டை மட்டும் காலியா, மூணு வாரும் மாட்டினபடியே மிதந்துச்சு. அது மேலயும் படகு ஒரு தடவை போயிட்டு வந்துச்சு. அப்புறம்தான் நேரா ஆச்சு.

சத்தம் தணிஞ்சு, சாதுவா, பனிக்குள்ள அது பாட்டுக்குப் போச்சு. வெல்டர் தரையில உக்காந்திருந்தான். இடுப்பளவு தண்ணி வந்ததும் குதிச்சு ஓடிறலாம்னு மட்டும் நெனச்சுக்கிட்டே இருந்தான். வேற எதையும் நெனைக்கல.

பனி விலகுச்சு. கரை. தெரிஞ்ச கரை. அவன் தெரு விளக்கு, அவன் வீட்டு ஓடு. எஞ்சின் சத்தம் கேட்டு மக ஓடியாந்து துறைக்கல்லு மேல ஏறி நின்னு, வாய் கொள்ளாம கத்துச்சு.

"அப்பா. அப்பா வந்துட்டாரு."

கல்லுக்கு இந்தப் பக்கம், முழங்கால் தண்ணியில, பொண்டாட்டி நின்னா. புதுப் படகு அடியில தட்டிறக் கூடாதுன்னு, கயிறை வாங்கிக் கட்ட அவளே இறங்கி வந்திருந்தா.

"போ. மேல ஏறு. ஏறு."

தொண்டை கிழியக் கத்தினான். தூரத்துல அவளுக்கு அது சந்தோஷத்துல கத்துற மாதிரிதான் கேட்டிருக்கும். சிரிச்சா. நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கினா.

காலுக்கு அடியில எஞ்சின் சத்தம் மெல்ல ஏறுச்சு.

அவ கயிறுக்காகக் கையை நீட்டிக்கிட்டு, இன்னும் ஒரு எட்டு தண்ணிக்குள்ள எடுத்து வச்சா.