காணாமல் போன பச்சைப் புள்ளி

புற்றுத் திசுவைச் சாயமேற்றிப் படமெடுத்துத் தானே முடிவு சொல்லும் கருவியான புரியொளிமானி பொய் சொல்லாது என்று கோயம்புத்தூருக்கே தெரியும். 'ஆறு ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லை' என்று ஆய்வக வாசலில் பலகையே தொங்கியது. கருவியைச் செய்த டாக்டர் வெள்ளியங்கிரிக்கு அன்று அந்தப் பலகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவருடைய புராஸ்டேட் திசுவின் முடிவு வந்திருந்தது. உயிரணு ஒவ்வொன்றிலும் பத்தாம் குரோமோசோம் இரண்டு உண்டு. கருவி பூசும் ஒளிச்சாயத்தில், புற்றை அடக்கிவைக்கும் காவல் மரபணு அவற்றில் இரண்டு பச்சைப் புள்ளிகளாக மின்ன வேண்டும். அவருக்குப் பாதி அணுக்களில் ஒன்றுதான் மின்னியது. காவல் போய்விட்டால் புற்று பாய்ந்து பரவும். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. பிறகு சிறுநீரை அடக்க முடியாமலும் போகலாம். மனிதர் நன்றாகவே பயந்துபோனார்.

பயத்தில், தானே தடை செய்த உதவியைக் கேட்டு ஆய்வக உதவியாளர் மரகதமணியிடம் போய் நின்றார். முடிவுகளை மனிதக் கண் மறுபடி எண்ணக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டவரே அவர்தான். மரகதமணி அலமாரியிலிருந்து பழைய மைக்ரோஸ்கோப்பை எடுத்தாள். அதில் தூசியே இல்லை.

மீதித் திசுவைத் தடிமனாகச் சீவிச் சாயமேற்றி, மறுநாள் நூறு அணுக்களை எண்ணினாள். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு புள்ளியும் இருக்குதுங்க சார்."

படம் தெளிவாக விழ வேண்டுமென்று சீவலைப் பாதியாக மெலியச் செய்தவரும் அவரே. வெண்டைக்காயை ரொம்ப மெல்லிசாக நறுக்கினால் சில வில்லைகளில் விதை இருக்காது. அதுபோலக் கத்தி வெட்டிப்போட்ட புள்ளியை, தொலைந்ததாகக் கருவி எண்ணியிருந்தது. அவருடைய புற்று சாது ரகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். டாக்டர் வெட்கப்படாமல் அழுதார்.

கண்ணைத் துடைத்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. அப்படியானால் இத்தனை வருடங்களாக மற்றவர்களுக்கு?

மரகதமணி தயங்கித் தயங்கி ஒரு நோட்டை நீட்டினாள். புள்ளி தொலைந்ததாகக் கருவி சொன்ன ஒவ்வொரு திசுவையும் மதிய உணவு நேரத்தில் மறுபடி எண்ணி, தவறென்றால் முடிவைத் திருத்தித்தான் வெளியே விட்டிருக்கிறாள். திருத்தியவை இருநூற்றுப் பன்னிரண்டு. ஒருவரும் வீணாகக் கத்திக்குப் போகவில்லை. டாக்டருக்கு இரண்டாவது முறையாக மூச்சு வந்தது.

"அப்புறம் என்னுது மட்டும் எப்படிம்மா விட்டுப்போச்சு?"

"பெரியவங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னு, உங்க சாம்பிளை வரிசையில வைக்காம நேரா மெஷினுக்குள்ள வெச்சுட்டாங்க சார். ரிப்போர்ட்டும் என் கைக்கு வராம உங்க ரூமுக்கே வந்துருச்சு."

டாக்டர் ஈர முகத்தோடு சிரித்தார். வாசல் பலகையைக் கழற்றச் சொன்னார். சுற்றறிக்கையைக் கிழித்தார்.

"ஆறு மாசம் கழிச்சு என் சாம்பிள் வரும்," என்றார். "வரிசையிலயே வைம்மா. கடைசியா இருந்தாலும் பரவாயில்ல."