பொட்டு வைத்த படம்

பிச்சமுத்துவின் நெற்றியில் பொட்டு இருந்தது. படம் எடுத்தபோது இல்லை. ஜாஹ்னவிக்கு அது நன்றாகவே தெரியும். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைமேல் சாய்ந்து கிடந்த அந்தச் சுமைகாரரின் வெறும் நெற்றியில் வழிந்த வியர்வைக்காகத்தான், பக்கத்தில் ஏசி ஓட நின்ற வெள்ளைக் காரையும் சேர்த்து எடுத்தாள். பினாங்கிலிருந்து அவள் வந்ததே இப்படி எதிரும் புதிருமாகப் படம் பிடிக்கத்தான். பாஷை ஒன்றுதான், ஊர் அந்நியம். நாள் முழுக்க அத்தனை முகங்களைப் பார்த்தும், அவளைச் ‘சாப்டியோ’ என்று கேட்கிற ஒரே ஜீவன், ஸ்ரீரங்கத்தில் அவள் தங்கியிருந்த வீட்டுக்கார வேதவதி மாமிதான்.

கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். சந்தனம், நடுவே குங்குமம். தோலில் ஒட்டாமல் சற்று முன்னால் நின்றது, அதன் நிழல் நெற்றியில் லேசாக விழுந்திருந்தது. செத்தவர்கள் படத்துக்குக் கண்ணாடிமேல் வைப்போமே, அந்த மாதிரி. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

காலையில் வாசலில் மாமி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கோலத்தை ஒட்டி யாருடைய டெலிவரி பைக்கோ நின்றது.

“ஊரையெல்லாம் எடுக்கறே. என்னையும் ஒண்ணு எடேண்டி. எடுத்து வெச்சுக்க நேக்கு யார் இருக்கா?”

மாமா போனதிலிருந்து மாமி பொட்டு வைப்பதில்லை. வெறும் நெற்றியோடு, வெட்கத்தோடு சிரித்தாள். ஜாஹ்னவி எடுத்தாள்.

பிச்சமுத்து கேட்டிருந்த பிரிண்டைக் கொடுக்க மார்க்கெட்டுக்குப் போனால், மண்டிக்கார அப்துல் சலாம் அதைக் கையில் வாங்கவே இல்லை.

“உங்களுக்குத் தெரியாதாம்மா? நேத்து சாயங்காலமே தவறிட்டாரு. மூட்டைய இறக்கி வெச்சாரு, உக்காந்தாரு, எந்திரிக்கல. நல்ல மனுஷன்.”

பஸ் ஏறியதும் கேமராவைத் திறந்தாள். அழுகிய தக்காளியும் டீசலும் கலந்த நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கீரைக்காரி, சுத்தம். பூக்காரர், சுத்தம்.

மாமி.

பொட்டு.

அழித்தாள். போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே மாட்டேன் என்றது. அவளுக்கு இங்கே இருப்பது அந்த ஒரு மனுஷி. ரங்கநாதா, அவளை விட்டுடு. குதித்து இறங்கி ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. காபி வாசம். கூடவே ரோஜா மாலை வாசம்.

“மாமி!”

சமையலறை வாசலில் மாமி நின்றாள். கையில் டவரா டம்ளர். அதே சிரிப்பு. அப்பாடா! ஜாஹ்னவிக்கு அழுகையே வந்துவிட்டது.

“போனை எடுக்கக் கூடாதா மாமி? எனக்கு உயிரே போயிடுச்சு.”

ஜாஹ்னவி கிட்டே போனாள்.

காபியிலிருந்து எழுந்த ஆவி கலையவில்லை. எழுந்த இடத்திலேயே நின்றது.

நெற்றியில் பொட்டு. ஈரம் காயாத பொட்டு.

துடைத்துவிடக் கை நீட்டினாள்.

விரலில் நெற்றி படவில்லை. சில்லென்று கண்ணாடி தட்டியது. அதற்கு அந்தப் பக்கம் மாமி, இமைக்காமல், சிரித்தபடியே நின்றாள்.