ஒன்றரைச் சாண் வலது கால்

முதலில் மூடியது ஒரே ஓர் இலைதான்.

காற்று இல்லை. மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம், மேச்சேரிக்கு மேற்கே வறண்ட ஏரியின் கரையடியில், ஏக்கர் கணக்கில் படர்ந்து கிடந்த தொட்டாற்சிணுங்கியின் ஓரமாகப் பெரியசாமி வாத்தியாரும் அவருடைய பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரும் மூச்சைக்கூட அளந்து விட்டபடி குந்தியிருந்தார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது, அசைவதையெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். அது இயற்கைப் பாடத்தின் சட்டம், போட்டவர் அவரே. முள்ளைக்கூட விட்டுவைக்காத மேச்சேரி ஆடுகள் இந்தப் பச்சைக்கு மட்டும் பத்தடி தள்ளியே நடந்து போனதை, ‘ஆடுகள் விரும்பா’ என்று காலையிலேயே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

இன்னும் சில இலைகள் மூடின. இடம் விட்டு இடம் விட்டு, திட்டுத் திட்டாக.

வாத்தியார் பேயை நம்புகிறவர் அல்ல. முயலை நம்பினார். ‘முயல்’ என்று எழுதினார்.

சாரதாமணி தவழ்ந்து போய் ஒரு திட்டைக் கையால் அளந்தாள். “ஒன்றரைச் சாண் இருக்குதுங்க சார். முன்னால அஞ்சு வெரல் தெரியுதுங்க.”

“நல்லா வளந்த முயலுங்க சார்,” என்றான் கந்தவேல்.

“எல்லாமே வலது காலுங்க,” என்றாள் அவள்.

இடது காலை அது எங்கே வைத்திருக்கிறது என்பதற்கு நோட்டில் தனிப் பத்தி இல்லை.

அடுத்த திட்டு மூடியது. இவர்கள் பக்கமாக.

பொழுது சாய்வதற்குள் ஐந்து பேரையும் வீடு சேர்ப்பதாக ஐந்து தாய்மாரிடம் வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவர் அவர். பொழுது சாய்ந்தால் இந்தச் செடி தானாகவே முழுக்க மூடிக்கொள்ளும். அதையும் காலையில் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் அது நிற்கும் இடம் தெரியாது.

“எந்திரிங்க. ஓடாதீங்க. வண்டிக்கு நடங்க.”

நடந்தார்கள். பக்கத்தில், ஓசையில்லாமல், பச்சை மூடிக்கொண்டே வந்தது. கரையேறினார்கள். செடியின் ஓரத்தோடு அது நின்றுவிட்டது. வாத்தியாருக்கு மூச்சு வந்தது.

கரைமேல் வண்டிக்காரர் செங்கோடன் வெறும் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மாடு ரெண்டும் கயித்த அறுத்துக்கிட்டு ஓடிப்போயிருச்சுங்க வாத்தியாரே. ஒண்ணுமே இல்லீங்க, சும்மா நின்னுட்டிருந்துச்சுங்க.”

பள்ளித் தோட்டத்துக்கென்று காலையில் பாய் அகலத்துக்கு மண்ணோடு பெயர்த்த தொட்டாற்சிணுங்கி, வண்டிக்குள் சாக்கின்மேல் கிடந்தது. இலைகள் மறுபடி நன்றாக விரிந்திருந்தன.

ஏறப்போன சாரதாமணியை வாத்தியார் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

திரும்பிப் பார்த்தார். கீழே, செடியோரத்தில், கடைசி வலது கால் தடம். இன்னும் அமுங்கியபடியே இருந்தது.

நடுவில் பிள்ளைகள்.

வண்டி முனகிச் சாய்ந்தது. உள்ளே யாரும் இல்லை.

சாக்கின்மேல் ஓர் இலை மூடியது. குதிகால். பாதம். பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக. அவசரமில்லாமல். ஐந்து.

இடது கால்.

பொழுது இறங்கியது. மற்ற இலைகளும் மூடிக்கொண்டன.