நாலாம் கதவில் பதிந்த பெயர்

சோமசுந்தரம் கொண்டுவந்த கடிதத்தில் எல்லாம் எழுதி முடித்திருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ப்ரோக்ராம்ல பிழை இல்லன்னு ரெண்டு வரி. சைன் போட்டா போதும் லா, நாளைக்கு விசாரணை" என்றார். அவர் சுங்கை வே தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பணியாளர் அதிகாரி. அந்தத் தொழிற்சாலையின் கதவுகளைக் காவல் காக்கும் நிரலை எழுதியது நாச்சியப்பன். அவனும் ஹபீபாவும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல் மாடியில் சின்ன கம்ப்யூட்டர் அலுவலகம் நடத்திவந்தார்கள். அது தொண்ணூற்றாறாம் வருடம்.

விஷயம் கொடுமையானது. மூன்று வாரத்துக்கு முன் தொழிற்சாலையின் அமிலக் கிடங்கில் யாரோ பீப்பாயின் குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார்கள். அரை மணி கழித்து உள்ளே போன சீதாலெட்சுமி, தரையில் தேங்கியிருந்த அமிலத்தில் வழுக்கி விழுந்தாள். இரண்டு கண்ணும் போயிற்று. அங்கே அட்டையைத் தேய்த்தால்தான் கதவு திறக்கும். எந்த அட்டை எந்தக் கதவைத் திறந்தது என்பதை நிரல் பதிந்து வைக்கும். அவளுக்கு முன்னால் கிடங்குக்குள் போனது தனலெட்சுமி என்று அந்தப் பதிவு சொன்னது.

"ரெண்டு பேரும் ஏழு வருஷமா ஒரே ரூம்ல தங்கினவங்க" என்றார் சோமசுந்தரம். "இப்ப தனலெட்சுமி பேரக் கேட்டாலே சீதா ஆஸ்பத்திரில கத்துதாம். நாளையோட தனத்துக்கு வேலை போயிடும். அப்புறம் போலீஸ்."

"தனலெட்சுமி என்ன சொல்லுது?" என்று கேட்டாள் ஹபீபா.

"தேத்தண்ணி குடிக்கக் கேண்டீனுக்குத்தான் போனேன்னுது. ஆனா நாச்சியப்பன் சார் அன்னைக்கே போன்ல சொல்லிட்டாரே, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு. அத நம்பித்தான் சஸ்பெண்ட் பண்ணோம்."

ஹபீபா நாச்சியப்பனைப் பார்த்தாள். அவன் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தான். அந்த போன் வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பதிவைப் பார்க்கவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நாச்சியப்பன் தனக்கு முதுகு இருப்பதையே அதுவரை யோசித்ததில்லை.

"பதிவக் காட்டுங்க" என்றாள் அவள்.

மூன்று வரிகளுக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தது. பத்து பதினாலு, ஐம்பதாவது விநாடியில் ரெங்கசாமி, கதவு பூஜ்யம். ஏழு விநாடி கழித்துத் தனலெட்சுமி, கதவு நாலு. பத்து நாற்பத்தொன்றுக்குச் சீதாலெட்சுமி, கதவு பூஜ்யம்.

"நாலுன்னா அமிலக் கிடங்கு, ரெண்டுன்னா கேண்டீன்" என்று ஆர்வமாக விளக்கினான் நாச்சியப்பன். "பூஜ்யம்னா கார்டு படலன்னு அர்த்தம். கதவு திறக்கல."

"சீதாலெட்சுமிக்கும் கதவு திறக்கலையா?"

அவன் அந்த மூன்றாவது வரியை மறுபடி படித்தான்.

"அந்தப் பொண்ண உள்ளேயிருந்துதானே தூக்கிட்டு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஹபீபா கைப்பையை எடுத்தாள். "கையெழுத்து அப்புறம். முதல்ல கதவப் பாக்கணும்."

தொழிற்சாலையில் அவர்களை அழைத்துப் போனவர் ஷிப்ட் மேற்பார்வையாளர் ரெங்கசாமி. சீதாலெட்சுமியின் சொந்த அண்ணன். ஐம்பதை நெருங்கும் மனிதர், மூன்று வாரமாகத் தூங்காத முகம். பாவம் என்று நினைத்துக்கொண்டான் நாச்சியப்பன். அமிலக் கிடங்கின் கதவு கனமான இரும்புக் கதவு. தீ பரவாமலிருக்க ஜனவரியில்தான் மாற்றினார்களாம். ஹபீபா அதை இழுத்துத் திறந்து விட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். கதவு நிதானமாக நகர்ந்து வந்து மூடிக்கொள்ள எட்டு விநாடி ஆயிற்று. கேண்டீன் கதவோ லேசான மரக்கதவு. அரை விநாடியில் படாரென்று மூடியது.

"நாச்சி, நீங்க எந்தக் கதவ வச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"அப்ப எல்லாமே மரக்கதவுதான்."

"அன்னைக்கு உங்களுக்கு கார்டு படலையா அண்ணே?" என்று ரெங்கசாமியிடம் கேட்டாள்.

"படல மா. திரும்பிப் போயிட்டேன்" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பிறகு அவள் ஜனவரியிலிருந்து வந்த பதிவுகளை எல்லாம் அச்சடிக்கச் சொன்னாள். நாலாம் கதவுக்குள் போனவர்கள் பட்டியலில் நர்ஸ் இருந்தாள், டைப்பிஸ்ட் இருந்தாள், புல் வெட்டுகிறவர்கூட இரண்டு முறை இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் சற்று முன்னால் ஒரு பூஜ்யம். தினமும் அமிலம் எடுக்கிற ஆட்களில் ஒருவர் பெயருக்கு எதிரிலும் நாலு இல்லை. பத்து மாதமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது. பதிவை யாராவது படித்தால்தானே? ஒருத்திக்குக் கண் போன பிறகு, வேண்டிய வரியை மட்டும் படித்திருக்கிறார்கள்.

அலுவலகம் திரும்பும் வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆள் கார்டு தேய்ச்சதும் நீங்க ஒரு ரெக்கார்டு உண்டாக்கி, கதவு செஞ்ச கம்பெனி குடுத்த டி.எல்.எல். நிரலுக்கு அனுப்புறீங்க. அந்த ரெக்கார்டு எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்?"

பதில் நாச்சியப்பனுக்குத் தெரியும். இரண்டு விநாடி.

மறுநாள் விசாரணை அறையில் ரெங்கசாமியையும் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனலெட்சுமி மெலிந்த பெண். கூப்பிட்டதும் வந்து, காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"ஒரு சாப்பாட்டுக் கடைன்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்தாள் ஹபீபா. "ஒருத்தர் நாலாம் மேசைல உட்கார்ந்து மீன்கறி சொல்றாரு. சமையல்காரனுக்கு ஆளைத் தெரியாது, மேசையத்தான் தெரியும். கறி வர நேரமாகுது. இவரு எழுந்து போயிடுறாரு. இன்னொருத்தர் அங்க உட்கார்ந்து தேத்தண்ணி கேக்குறாரு. மீன்கறி யாருக்கு வரும்?"

"ரெண்டாவது ஆளுக்கு" என்றார் சோமசுந்தரம்.

"அதேதான். நாச்சி எழுதினது விஷுவல் பேசிக் மொழில. அது நினைவகத்தத் தானே பாத்துக்கும், வேலை முடிஞ்சதும் இடத்தக் காலி பண்ணி அடுத்த ஆளுக்குக் குடுத்துடும். கதவ இயக்குற டி.எல்.எல். சி மொழில எழுதினது. அதுக்கு இந்த ரெக்கார்டு இருக்குற விலாசத்தக் குடுத்தா, கதவு மூடினப்புறம் அதே விலாசத்துல கதவு எண்ண எழுதும். அங்க இப்ப யார் குடியிருக்காங்கன்னு பாக்காது. கதவு மூடுற வரைக்கும் ரெக்கார்டக் கலைக்காதீங்கன்னு அந்தக் கதவுக் கம்பெனியோட புத்தகத்துல ஒரு வரி இருக்கு. நேத்து ராத்திரி நாச்சி அதக் கண்டுபிடிச்சாரு."

"மூணு வருஷம் முன்னாடியே படிச்சிருக்கணும்" என்றான் நாச்சியப்பன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"மரக்கதவு இருந்தவரைக்கும் எண் உடனே வந்துடுச்சு. இரும்புக் கதவுக்கு எட்டு விநாடி. நிரல் ரெண்டு விநாடிதான் காத்திருக்கும். எண் வராததால பூஜ்யம்னு எழுதிட்டு இடத்தக் காலி பண்ணிடும். ஏழாவது விநாடில தனலெட்சுமி கேண்டீன்ல கார்டு தேய்க்குது. அதே இடம் அந்தப் பொண்ணுக்குக் கிடைக்குது. ரெண்டுன்னு சரியாத்தான் விழுந்துச்சு. எட்டாவது விநாடில இரும்புக் கதவு மூடி, அந்த ரெண்டு மேல நாலு வந்து உட்கார்ந்துடுச்சு."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சோமசுந்தரம் முணுமுணுத்தார்.

"இல்ல சார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் விழுந்திருக்கு. பூஜ்யம்னா உள்ள போகலன்னு நெனச்சோம். உள்ள போனவங்களுக்குத்தான் பூஜ்யம். சீதாலெட்சுமியே அதுக்குச் சாட்சி." ஹபீபா நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "பத்து பதினாலுக்குப் பூஜ்யம் உங்க பேர்ல இருக்கு அண்ணே."

ரெங்கசாமி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"பசங்க எல்லாம் டீ பிரேக் போயிட்டாங்க. உற்பத்தி லைன் நிக்கக் கூடாதுன்னு நானே போய் அமிலம் எடுத்தேன். அவசரத்துல குழாய முழுசா திருகல. அடுத்த நாள் சொல்லிடலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள கம்ப்யூட்டர் தனம்னு சொல்லிடுச்சு." அவர் அழ ஆரம்பித்தார். "எனக்கு வேலை போனா என் தங்கச்சிய யாரு பாப்பா?"

நாச்சியப்பனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. கோழை ஒருவன் ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது, கதவைத் திறந்து கொடுத்தது அவன். அதுவும் ஒரு கவளச் சோறு விழுங்குகிற நேரத்தில்.

"மன்னிச்சிடு மா" என்றான் தனலெட்சுமியிடம். "நான் பாக்காமலே சொல்லிட்டேன்."

"மூணு வாரமா நானும் சொன்னேனே அங்கிள். அத யாரும் எழுதி வைக்கலயே" என்றாள் அவள்.

சோமசுந்தரம் தொண்டையைக் கனைத்தார். தனத்தை நாளையே வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், ரெங்கசாமி இன்றே வெளியேறுவார் என்றும், சீதாலெட்சுமியிடம் தானே போய் உண்மையைச் சொல்வதாகவும் மளமளவென்று அடுக்கினார்.

"வேணாம்" என்றாள் தனலெட்சுமி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவளுக்குக் கைபிடிச்சு பாத்ரூம் கூட்டிட்டுப் போறதுக்கு அண்ணன் ஒருத்தருதான் இருக்காரு. இவருதான்னு தெரிஞ்சா அந்தக் கையையும் தட்டி விட்டுடுவா. அவ கோபம் எனக்குத் தெரியாதா? அப்புறம் யாரு இருக்கா அவளுக்கு? என்னத் திட்டித் திட்டிப் பழகிட்டா. தப்பு பண்ணது நானாவே இருந்துட்டுப் போறேன்."

"தனம்..." என்று ரெங்கசாமி கும்பிட்டபடி எழுந்தார்.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம் அண்ணே. இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தீங்கல்ல? சாகுற வரைக்கும் அப்படியே இருங்க."

அப்படியானால் போலீஸ் வேண்டாம், விஷயம் வெளியே போக வேண்டியதில்லை என்றார் சோமசுந்தரம். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கப் பிடிக்காமல் ஹபீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனலெட்சுமி தன் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். அது இல்லாமல் வெளிக்கதவு திறக்காது என்பதால், நாச்சியப்பன் எழுந்து போய் அவளுக்காகத் தன் பார்வையாளர் அட்டையைத் தேய்த்தான்.